சத்தியவேட்டு ஏரியில் கிரண் ஓட்டிய ஐந்து சுற்று

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அப்படிப்பட்டவளுக்கு, மாசி மாதக் கடைசி ஞாயிறன்று சத்தியவேட்டுப் பக்கம் ஒரு வறண்ட ஏரியில் கிரண் ஓட்டப் போகிறான் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் என்ன ஆகும்? சனிக்கிழமையே பெட்ரோல் போட்டு, டயருக்குக் காற்றடித்துத் தயாராகிவிட்டேன். கிரண் தேசியப் போட்டிகளில் ஓட்டுகிறவன், சொந்த ஊர் விஜயபுரம் பக்கம். இத்தனை நாளும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தூரத்துப் புள்ளியாகப் பார்த்தவனைப் பத்தடியில் பார்க்கலாம். நுழைவுக் கட்டணமும் கிடையாது. அடிபட்ட ஒரு பழைய வீரருக்கான வசூல், முடிந்ததை உண்டியலில் போட்டால் போதும்.

காலை ஆறு மணிக்கு மாதவரத்தில் கிளம்பினேன். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகச் சத்தியவேடு சுமார் அறுபது கிலோமீட்டர். ஊத்துக்கோட்டையில் இட்லி, வடை, காபி அறுபது ரூபாய். வடையை நம்பிப் போகாதீர்கள், முந்தின நாளுடையது என்று சத்தியம் செய்வேன். சத்தியவேட்டில் ஒரு டீக்கடைக்காரரிடம் வழி கேட்டேன். “பைக் பந்தயமா? நேரா போய்க்கினே இரும்மா, தூசு தெரியும்” என்றார். எட்டு கிலோமீட்டர் போனதும் உண்மையிலேயே தூசுதான் தெரிந்தது.

ஏரிக்குள் மணல் மூட்டை அடுக்கிப் பாதை போட்டிருந்தார்கள். வளைவுகளில் வைக்கோல் கட்டு, நடுவில் பைக் எகிறுவதற்கு ஒரு மண் மேடு. வசூல் யாருக்கோ அவரே மைக் பிடித்திருந்தார். பெயர் தனசேகர். ஒரு காலத்தில் கிரணோடு ஒரே அணியில் ஓட்டியவர். வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு தர்மப் பந்தயத்தில் விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, வந்தவர்களையெல்லாம் கிண்டலடித்துக்கொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்து, பால்காரம்மா வந்துட்டாங்க என்று மைக்கிலேயே அறிவித்தார். எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது.

கிரணுக்கு அடுத்த போட்டி மூன்று வாரத்தில். ஏற்கெனவே ஒருமுறை காறை எலும்பு உடைந்தவன். இன்னொரு தடவை உடைந்தால் இந்த வருஷம் முழுக்கப் போச்சு, ஓட்டினால்தான் சம்பளம். அதனால் காட்சிக்காக நாலு சுற்று சுற்றிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தான். பழகிப் பார்க்க ஒரு சுற்று போனான் பாருங்கள், மேட்டில் ஏறி ஆள் உயரத்துக்குப் பறந்தான். கத்திக் கத்தி என் குரல் போனது அங்கேதான்.

அப்போதுதான் விழாவை நடத்திய முனிரத்தினம் ஒரு பலகையோடு வந்தார். பொங்கல் சமயத்தில் சந்திரகிரிப் பக்கம் மாட்டுக் கொம்பில் அலங்காரப் பலகை கட்டி ஓட விடுவார்கள், விரட்டிப் போய்ப் பிடுங்குகிறவன் வீரன். முனிரத்தினத்துக்கு மாமியார் வீடு சந்திரகிரி. மனிதருக்கு மூளை வேலை செய்திருக்கிறது. கிரணுடைய பைக்கின் பின்னால் ஜிகினா ஒட்டிய பலகையைக் கட்டினார். உள்ளூர்ப் பையன்கள் எட்டுப் பேர் பைக்கில் விரட்டிப் பிடுங்க வேண்டுமாம். கூட்டம் அதிர்ந்தது. நானும் விசிலடித்தேன், மறைக்க மாட்டேன்.

கிரணிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவன் பலகையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், ஹெல்மெட்டை மாட்டினான். சொந்த மண்ணில் இத்தனை பேர் முன்னால் எப்படி மாட்டேன் என்பான்? ஓடும் பைக்கின் பின்னால் எட்டுக் கை நீண்டால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், தர்மத்துக்கு வந்தவன் பயப்படலாமா என்றார். அடிபட்டால் அவன் வீட்டு அடுப்பை நீங்களா பற்றவைப்பீர்கள் என்று கேட்டேன். முறைத்தார். நானும் முறைத்தேன்.

மைக்கில் தனசேகர் குரல் வந்தது. இந்தத் தடவை கிண்டல் இல்லை.

“முனிரத்னம், அத்த அவுத்துடு.”

ஜனம் கலைந்துவிடும், உண்டியல் காலியாகிவிடும் என்று முனிரத்தினம் கெஞ்சினார். அவர் கெட்டவர் இல்லை, ஒரு மாதமாக இதற்காக அலைந்தவர். கிரண் பைக்கை உருட்டிக்கொண்டு நாற்காலிப் பக்கம் வந்தான்.

“அண்ணா, உனக்காகத்தானே வந்தேன். பாத்து ஓட்டறேன்ணா.”

“பாத்துதான்டா நானும் ஓட்டினேன்” என்றார் தனசேகர். மைக் இன்னும் கையில் இருந்ததால் ஏரி முழுக்கக் கேட்டது. “அன்னிக்கு ஷோ வெச்சவங்களும் நல்லவங்கதான். என் பேர சொல்லி இன்னிக்கு நீ வுழுந்தா, அந்தக் காசுல நான் எப்டிடா சோறு துன்னுவேன்?”

முனிரத்தினமே போய்ப் பலகையை அவிழ்த்தார். பிறகு தனசேகரே வழி சொன்னார். பாதையில் ஒரு நேரத்தில் ஒரு பைக்தான். முதலில் கிரண் தனியாக ஐந்து சுற்று, பிறகு பையன்கள் ஒவ்வொருவராக. கிரணின் நேரத்தை யார் நெருங்குகிறார்கள் பார்ப்போம் என்று செல்போனில் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஐயோ, அந்த ஐந்து சுற்று! கூட்டமாக ஓடியிருந்தால் தூசுதான் பார்த்திருப்போம். இப்போது அவன் முழங்கால் வளைவதும், மேட்டுக்கு முன்னால் உடம்பை முன்தள்ளுவதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கடைசிச் சுற்றில் பின்சக்கரம் வழுக்கியது. ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சமாளித்தான். நான் திரும்பிப் பார்த்தபோது தனசேகர் கண்ணை மூடியிருந்தார். தனியாக ஓட்டினாலும் விழலாம். ஆக்சிலேட்டரை முறுக்குகிற எந்தப் பந்தயத்துக்கும் உத்தரவாதம் கிடையாது.

அப்படியென்றால் தொழில்முறை வீரர்கள் தர்மத்துக்கு ஓட்டலாமா? ஓட்டலாம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு ஆபத்து என்பதை உடம்புக்குச் சொந்தக்காரன் வீட்டிலேயே நிதானமாக முடிவு செய்ய வேண்டும். களத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஆயிரம் பேரை விட்டுக் கேட்கக் கூடாது. அது கேட்பதே இல்லை, கையை முறுக்குவது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஊத்துக்கோட்டையிலிருந்து சத்தியவேட்டுக்குப் பஸ் உண்டு, அங்கிருந்து ஆட்டோ நூற்றைம்பது கேட்பார்கள். தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் அவசியம், ஏரியில் ஒரு மரம்கூட இல்லை. சத்தியவேட்டில் மதியச் சாப்பாடு நூறு ரூபாய், கோங்குரா துவையலை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். திருப்பதி போகிறவர்களுக்கு நாகலாபுரம், புத்தூர் வழியாக இன்னும் எழுபது கிலோமீட்டர் வரும். நீங்களே இப்படி ஒன்று நடத்துவதாக இருந்தால் ஆம்புலன்ஸை முதலில் பேசுங்கள், பந்தலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பையன்கள் யாரும் கிரணை நெருங்கவில்லை. எல்லாம் முடிந்ததும் கூட்டம் அவனைத் தோளில் தூக்கப் போனது. தனசேகர் மைக்கில் தடுத்தார். தூக்காதீங்க, பைக்கை அங்கேயே விட்டுட்டு அவன் நடந்து வரட்டும் என்றார். ஏரியின் அந்தக் கோடியிலிருந்து கிரண் தனியாக நடந்து வந்தான். தனசேகர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வருகிற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் நாற்காலிப் பக்கம் வந்து நின்றதும் மைக்கை எடுத்தார்.

“இப்ப கை தட்டுங்க.”