பின் சீட்டைக் கழற்றிய பைக்கும் உத்திரமேரூர் ஏரிக்கரையும்

கோடையில் இமயமலையில் இருக்கும் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போவதென்று முடிவானதும் முதல் வேலையாக பைக்கைப் பிரித்தேன். அலாய் சக்கரம் பள்ளத்தில் அடிபட்டால் விரிசல் விடும். ஸ்போக் சக்கரம் வளைந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம். அதனால் ஸ்போக்குக்கு மாறினேன். சேற்றைப் பிடிக்கிற கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்களும் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ஆனது. என் உயரத்துக்குக் கால் தரையில் எட்டாது. ராஜகுளத்தில் ஒரு சீட் கடையில் பஞ்சைச் செதுக்கித் தாழ்த்தினேன். கூட யாரும் வரப்போவதில்லையே என்று பின் சீட்டையும் அதற்கான கால்மிதிகளையும் எடுத்துவிட்டு, பை கட்ட இரும்பு கேரியர் வைத்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, சோதித்துப் பார்க்கக் கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக உத்திரமேரூர் சுமார் எழுபது கிலோமீட்டர். தார்ச்சாலையில் இந்த டயர் சத்தம் போடும், வளைவில் கொஞ்சம் மிதக்கும், பழகிவிடும். ஊரில் இட்லி சாப்பிட்டுவிட்டு, டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஓர் ஏரிக்கரை மண்பாதையில் இறங்கினேன். முந்தைய நாள் மழை. டிராக்டர் தடமெல்லாம் சேறு. டயர் அருமையாகப் பிடித்தது.

மூன்று கிலோமீட்டர் போயிருப்பேன். ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடிவந்தார்.

"யக்கா, நில்லுக்கா! என் பொஞ்சாதிய பாம்பு கட்ச்சிட்ச்சி! நூத்தியெட்டு மெயின் ரோட்டாண்ட வந்துக்கினு கீது. இந்த சேத்துல உள்ள வராதாம். நடக்க வெக்காதீங்கன்றாங்கோ."

அவர் பெயர் ஏழுமலை. மனைவி தேவகி கரைச் சரிவில் உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்குப் புல் அறுக்கும்போது கணுக்காலில் கடித்திருக்கிறது. பக்கத்தில் பாதி நிறைந்த கோணி.

அவளைத் தூக்கிக்கொண்டு வண்டியருகே வந்த ஏழுமலை திகைத்து நின்றார். "இன்னாக்கா, பின்னாடி குந்த எடமே இல்ல?"

கேரியரில் அவளை வைத்தால் நிச்சயம் விழுவாள். பிறகுதான் தோன்றியது: கரடுமுரடான பாதையில் நின்றுகொண்டே ஓட்டப் பழகியிருக்கிறேன். என் சீட்டில் அவள் உட்காரட்டும்.

புல்லைக் கொட்டிவிட்டு, கோணியை மடித்துக் கேரியர் மேல் போட்டோம். ஏழுமலை அதில் உட்கார்ந்து அவளைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டார். நான் வண்டியை வந்த வழிக்கே திருப்பி, கால்மிதியில் நின்றபடி முதல் கியரில் நகர்ந்தேன். அவள் முகம் என் முதுகில் சாய்ந்திருந்தது.

"தேவகி, பேசிக்கினே வா."

"மாட்ட நெழல்ல கட்னியா?"

"கட்டிட்டேன். பேசு."

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுய்யா..."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மதகுப் பக்கம் முன்சக்கரம் புதைந்தது. நின்றால் அந்தச் சேற்றில் கால் ஊன்றி மூன்று பேர் பாரத்தை என்னால் தாங்க முடியாது. மூன்று பேரும் சரிந்துவிடுவோம். பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்து, உதறி, மேலே ஏறியது. கேரியர் வளைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

சாலையோரம் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அவளை ஏற்றியவர்கள் முதலில் கண் இமையைத் தூக்கிப் பார்த்து, உடனே கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பிப் போனது. அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டுபோன ஏழுமலை, நான்காம் நாள் போன் செய்தார். "கண்ணத் தொறந்துட்டாக்கா. கஞ்சி கேட்டா." அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அழுதேன்.

இப்படி வண்டியை மாற்ற நினைப்பவர்களுக்கு: ஸ்போக் கம்பிகளை முதல் முந்நூறு கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ட்யூப் டயர் என்றால் மாற்று ட்யூப் கட்டாயம். சேற்றுக்காகக் காற்றைக் குறைத்தால் தார் ஏறியதும் நிரப்புங்கள். தனியாகவே போனாலும் பின் சீட்டையும் கால்மிதியையும் எடுக்காதீர்கள். பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடலாம். நான் மறுவாரமே பழையபடி மாட்டிவிட்டேன்.

பொங்கலுக்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்று தேவகி மருத்துவமனையில் கடிபட்ட காலைக் காட்ட வேண்டியிருந்தது, நானே கூட்டிப்போனேன். அதே கரை, காய்ந்து கெட்டியாகியிருந்தது. என்னை அறியாமல் வேகமாக ஓட்டியிருக்கிறேன். பின்னாலிருந்து தோளைத் தட்டினாள்.

"மெதுவா போக்கா. ஏரியப் பாத்துக்கினே போலாம்."