தள்ளுபடி வேண்டாத வீடு

என் மதினி வியாகுலமேரி பாம்பை மண்வெட்டியால் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சோறு தின்ன உட்காருகிறவள். ஆவூர்க் கோவில் திருவிழாக் கூட்டத்தில் மாமியாரையே எதிர்த்துப் பேசியவள். அந்த மாமியார் என்னைப் பெற்றவள் என்பதால் நான் அதை இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு சொல்லிடம் சாகும்வரை பயம் இருந்தது. யாராவது 'தள்ளுபடி' என்றால் அவள் முகம் வெளுத்துவிடும்.

அவள் புருஷன் ஆரோக்கியமுத்து, என் அண்ணன், 1952-இல் கொலைக் கேசில் மாட்டினான். கண்மாய்த் தண்ணீருக்காக அவனுக்கும் ராக்கன் என்பவனுக்கும் வாய்ச்சண்டை வந்ததை ஊரே பார்த்தது. மறுநாள் காலையில் ராக்கன் மடையடியில் வெட்டுப்பட்டுக் கிடந்தான். ஆரோக்கியம் வெட்டியதைக் கண்ணால் பார்த்ததாக ஆண்டியப்பன் என்று ஒரு புண்ணியவான் சாட்சி சொன்னான். கீழ்க்கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. என் அண்ணன் கோபக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. வாயால் ஊரையே வெட்டுவான். கையால் ஒரு கோழியை அறுக்கமாட்டான். எங்கள் வீட்டில் கோழி அறுப்பது மதினிதான்.

சமஸ்தானம் இருந்தவரைக்கும் எங்கள் ஆட்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. எந்த வழக்கானாலும் புதுக்கோட்டையோடு முடிந்துவிடும். மிஞ்சினால் ராஜா காலில் போய் விழலாம். நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த பிறகு கடைசிக் கோர்ட்டு மெட்ராஸுக்குப் போயிற்று. ஐம்பதில் அதற்கும் மேலே டெல்லியில் ஒன்று வந்துவிட்டது என்றார்கள். நீதி எட்டப் போகப் போக, காலில் விழ நினைத்தவர்கள் எங்கே போய் விழுவது?

புதுக்கோட்டை வக்கீல் ஆத்மநாதன் மெட்ராஸுக்கு அப்பீல் போட்டார். சில மாதம் கழித்து, அவருடைய குமாஸ்தா கீரனூர் சந்தையில் எங்கள் ஊர் ஆளைப் பார்த்து, "அப்பீல் தள்ளுபடி ஆயிருச்சுன்னு வீட்டுல சொல்லிருங்க" என்று சொல்லியனுப்பினார்.

எங்கள் ஊரில் தள்ளுபடி என்றால் என்ன? மழை பொய்த்தால் சர்க்கார் நிலத்தீர்வையைத் தள்ளுபடி செய்யும். அதாவது, கட்ட வேண்டாம், போ என்று விட்டுவிடும். வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு அதைவிட இனிப்பான சொல் வேறு கிடையாது. அப்பீல் என்ற இங்கிலீஷ் சொல் யார் காதிலும் ஏறவில்லை; தூக்கு தள்ளுபடி ஆகிவிட்டது என்று தெருவே கூடிச் சிரித்தது. மதினி சேவலை அறுத்தாள். நான் மசாலா அரைத்தேன். ஆவூர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எல்லோரையும் உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

மறுநாள் அண்ணனுடைய வேட்டியையும் சட்டையையும் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். எப்போது போய் ஆளை அழைத்துவரலாம் என்று வக்கீலிடம் கேட்க வேண்டுமாம். ஜெயில் நாற்றத்தோடு அவன் பஸ்ஸில் வரக்கூடாதாம்.

வக்கீல் அவள் கையிலிருந்த வேட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்களை உட்காரச் சொன்னார்.

"தள்ளுனது தண்டனைய இல்லம்மா. நம்ம மனுவத் தள்ளிட்டாங்க. தூக்கு அப்படியே நிக்குது" என்றார்.

மதினி அழவில்லை. வேட்டி மடிப்பை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் சேவல அறுத்துட்டேனே" என்று மட்டும் சொன்னாள். பாவி மனுஷி, அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

இனி டெல்லிதான் என்றார் வக்கீல். அந்தச் சுப்ரீம் கோர்ட்டு எல்லாக் கேசையும் எடுத்துக்கொள்ளாது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்கே தனியாக ஒரு மனுப் போட வேண்டும் என்றார். அதற்கென்று கட்டடம்கூட இன்னும் ஆகவில்லை, பார்லிமெண்டுக் கட்டடத்திலேயே ஒரு பக்கமாக நடக்கிறது என்றும் சொன்னார். குடியிருக்க வீடில்லாத கோர்ட்டா என் அண்ணனைக் காப்பாற்றப் போகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதினியின் பயம் வேறாக இருந்தது. தான் வந்து அழுதால் ஜட்ஜு ஐயாமார் பார்ப்பார்களா என்று கேட்டாள். அங்கே அழுகிறவர்களுக்கு இடமில்லை, கைதியைக்கூடக் கூப்பிடமாட்டார்கள், இங்கிலீஷில் அச்சடித்த காகிதத்தைத்தான் பார்ப்பார்கள் என்று வக்கீல் விளக்கினார்.

"மொகத்தப் பாக்காமலா உசுர எடுப்பாங்க?" என்றாள்.

"மொகத்தப் பாக்காமலும் உசுரக் குடுப்பாங்கம்மா" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காக, பிறகு ஒரு நாள் அவர் வாய்தவறியதையும் நான் மன்னித்துவிட்டேன்.

டெல்லியில் கேசை எடுத்துக்கொண்டார்கள்; தூக்கையும் அதுவரை நிறுத்திவைத்தார்கள். திருச்சி ஜெயிலுக்குப் போய் அண்ணனைப் பார்த்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று மட்டும் கேட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் மதினி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து ஊருக்குள் பஸ் ஹாரன் கேட்டால், சேதி வருகிறதோ என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மாட்டுக்கொட்டத்துக்குள் போய் நின்றுகொள்வாள். சந்தைக்குப் போய் வந்தவன் எவனும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசக்கூடாது. நான் அவளைத் திட்டுவேன். திட்டிவிட்டு நானும் போய் அவள் பக்கத்தில் நின்றுகொள்வேன். பயம் எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி உட்கார்ந்து தின்றது.

ஐம்பத்துநாலில், கடலை ஆய்ந்துகொண்டிருந்தபோது, வக்கீலே வரப்பில் வேகவேகமாக வந்தார். வக்கீல் காட்டுக்குள் வருவதாவது! மதினி எழுந்து நின்றுவிட்டாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "டெல்லியில தள்ளிட்டாங்கம்மா, தண்டனையத் தள்ளிட்டாங்க" என்றார்.

முதல் 'தள்ளிட்டாங்க'வோடு மதினி காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் விழுந்தாள். இரண்டு கையாலும் தாலியைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று தலையை மண்ணில் முட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் படித்த மனுஷன் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஐயா, ஒங்க கோர்ட்டுத் தமிழத் தூக்கி அங்கிட்டுப் போடுங்க. எங்கண்ணன் வாரானா, இல்லையா?"

"வாரான்" என்றார். "வீட்டுக்கு வாரான்."

அந்த ஆண்டியப்பன் போலீஸ் முதலில் விசாரித்தபோது ஆளைத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறான். பிறகுதான் அவனுக்கு என் அண்ணன் பெயர் நினைவுக்கு வந்திருக்கிறது. அவன் ஒருவன் பேச்சை நம்பி ஓர் உயிரை எடுக்க முடியாது என்று டெல்லியில் சொல்லிவிட்டார்கள். எங்களைப் பார்க்காத, நாங்களும் பார்க்காத அந்தப் பெரிய மனிதர்கள் நன்றாக இருக்கட்டும்.

அண்ணன் வந்த பிறகும் மதினிக்குப் பயம் போகவில்லை. காட்டில் அவன் குனிந்து கண்ணில் படாமல் போனால், பெயர் சொல்லிக் கத்துவாள். புருஷன் பெயரைச் சொல்கிறாளே என்று ஊர் சிரித்தது. அவள் கவலைப்படவில்லை.

அறுபதுகளில் ஒரு வருஷம் கடலை கருகியது. கண்மாயில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒரு நாள் தெருவில் தமுக்கடித்துக்கொண்டு வந்தவன், "தள்ளுபடி! சர்க்கார் தள்ளுபடி!" என்று கூவினான். தெருவே குதித்தது. மதினி மட்டும் கையில் கரண்டியோடு காட்டுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் வேலி அடைத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஊர்க் கணக்குப்பிள்ளை முன்னால் நிறுத்தினாள்.

"எங்க வீட்டுக்குத் தள்ளுபடி வேணாங்க. நாங்க கட்டிர்றோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சர்க்கார் வேண்டாம் என்று விட்டதை வாங்க வழியில்லை, தீர்வையை மட்டும்தான் தள்ளுபடி செய்திருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை என்று கணக்குப்பிள்ளை பொறுமையாகச் சொன்னார். அவள் நகரவில்லை. ஜெயிலைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத அண்ணன் அப்போதுதான் பேசினான்.

"வாங்கிக்கங்க. அவ அந்தச் சொல்ல நம்பிச் சோறாக்கிப் போட்டவ."

சிரித்தவர்களில் அன்று அந்தச் சேவல் குழம்பைத் தின்றவர்களும் இருந்தார்கள். கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்து எங்கள் வீட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். மறுநாள் அண்ணன் ஆட்டை விற்றான். ஊரே தள்ளுபடி வாங்கிய அந்த வருஷம் தீர்வை கட்டியது எங்கள் வீடு ஒன்றுதான்.