அண்ணாந்து பார்த்தவள்

என் தங்கையை நீங்கள் கட்டாயம் திட்டியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், ஊரே திட்டியது. ஒரு வீட்டுக்குள் ஆட்களை அடைத்துவைத்து, மூலைக்கு மூலை கேமரா மாட்டி, அவர்கள் அடித்துக்கொள்வதை டிவியில் தினமும் காட்டினார்களே, அந்த நிகழ்ச்சியில் 'கல்லு' என்று பெயர் வாங்கியவள் அவள்தான். கூட இருந்த பெண் தன் கைக்குழந்தையை நினைத்து அழுதபோது எதிரில் உட்கார்ந்து சிரித்தாளே, அந்தப் புண்ணியவதி.

அது வேறொரு நாள் சிரித்த சிரிப்பு, வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்று அவள் சொல்வாள். நான் நம்புகிறேன். அதற்காக அவளைப் பசும்பொன் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் ஒன்பது தரம் சொல்லிக்காட்டுவாள். ஆனால் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவளைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

வெளியே வந்த புதிதில் கடைதிறப்புக்கெல்லாம் கூப்பிட்டார்கள். வில்லியைப் பார்க்கவும் கூட்டம் வரும் அல்லவா? அவளும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போய், கேட்டவர்களுக்கெல்லாம் அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினாள். அடுத்த வருடம் புது ஆட்கள், புது வில்லி. கூட்டம் போய்விட்டது, கோபம் மட்டும் போகவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி இவள் முகத்தைப் பார்த்ததும், மடியிலிருந்த குழந்தையை அந்தப் பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டாராம். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்றைக்குப் பிடித்த பயம் விடவே இல்லை.

வீட்டில் ரகசியம் பேசும்போது நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொள்வாள். அந்த டிவி வீட்டில் மைக் மாட்டியிருந்த இடம் அது. அழுவதானால் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவாள். என்னிடம் உப்பு கேட்பதற்குக்கூட ஒருமுறை கூரையைப் பார்த்துக்கொள்வாள்.

"அங்க பல்லிதான்டி இருக்கு" என்பேன். சிரிக்க மாட்டாள். சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

நான் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் வந்து எடுத்துக்கொள்வார்கள். அங்கே உள்ளறையில் அவளை வேலைக்கு வைத்தேன். அவளைத் திட்டியவர் யாரும் அந்த அறையில் இல்லை. இருப்பவர்களில் மூத்தவருக்கே இன்னும் மூன்று வயது ஆகவில்லை. வாசலில் பிள்ளைகளை வாங்குவதும் கொடுப்பதும் நான். உள்ளே அவள் தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் திரிந்தாள். ஒரு நாள் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அவளேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? நாங்கள் 'உருண்டை' என்று கூப்பிடும் பெண் குழந்தையின் அம்மா, வங்கியில் வேலை பார்ப்பவர், ஒரு மாலை சீக்கிரம் வந்துவிட்டார். உள்ளே பார்த்தார். முகம் மாறியது.

"இவங்கதானே அவங்க?"

"என் தங்கச்சிங்க."

"இருக்கட்டும்ங்க. உள்ள கேமரா வைங்க. நாங்க போன்ல பாக்கற மாதிரி இருக்கணும். இல்லன்னா நான் மட்டுமில்ல, மத்தவங்களும் வேற இடம் பாத்துப்போம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது தங்கை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அக்கா, என்ன வேணா செய், அது மட்டும் வேணாம்."

"தப்பு செய்யாதவளுக்கு என்னடி பயம்?" என்றேன். எனக்கென்ன, சொல்வது சுலபம்.

கேமரா வந்தது. என் தங்கை அந்தப் பழைய டிவி வீட்டுக்கே திரும்பப் போய்விட்டாள். குழந்தையைத் தூக்கினால் முகம் கேமரா பக்கம் இருக்கும். பிள்ளை பொம்மையால் மண்டையில் போட்டாலும் புன்னகை மாறாது. எதைத் தொடுவதானாலும் முதலில் மேலே ஒரு பார்வை, பிறகுதான் கை. குழந்தைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வாயில் கவளம் வாங்குவதற்கு முன்னால் அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஒரு பிற்பகல் நான் வாசலில் பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே உருண்டை வீறிட்டு அழும் சத்தம். ஓடினேன். தங்கை தரையில் முட்டி போட்டு, குழந்தையைத் தொடைமேல் குப்புறப் போட்டு வைத்திருந்தாள். தரையில் எச்சிலோடு ஓர் ஆப்பிள் துண்டு. தொண்டையில் சிக்கியதை முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டி வெளியே எடுத்திருக்கிறாள். எனக்கு மூச்சு திரும்புவதற்குள் போன் அடித்தது.

"அவ என் பிள்ளைய அடிக்கறா. நான் பாத்துட்டேன். போலீசோட வரேன்."

போலீஸ் வரவில்லை, அவர் வந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, தங்கையின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். நான் பதிவை முதலிலிருந்து ஓட்டிக் காட்டினேன். உள்ளுக்குள் ஒரு திமிர். இந்தத் தடவை வெட்ட ஆள் இல்லை, முழுசாகப் பாருங்கள் என் தங்கையை என்று.

பார்த்தார். ஆப்பிள் துண்டு வந்து விழுந்த இடத்தில் அழுதுவிட்டார். "என்ன மன்னிச்சிடுங்க" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெற்ற வயிறு, இன்னொரு முறை போடச் சொன்னார்.

இரண்டாம் முறைதான் அது கண்ணில் பட்டது. குழந்தை வாயைத் திறக்கிறது, முகம் கறுத்துப்போகிறது. தங்கை எதிரில்தான் இருக்கிறாள். பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குழந்தையின் கால்கள் உதைத்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகுதான் பாய்கிறாள்.

"ஏன் மேல பாத்தீங்க?" அந்த அம்மா கத்தவில்லை.

"முதுகுல அடிச்சா அதுல எப்படித் தெரியும்னு பாத்தேன்" என்றாள் தங்கை.

அந்த அம்மா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரே சொன்னார்: "வைக்கச் சொன்னதே நான்தான். கழட்டிடுங்க. மத்தவங்ககிட்ட நான் பேசறேன்."

"கழட்டினாலும் மேல பாப்பேங்க. வீட்ல ஏது கேமரா? அங்கயும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

இத்தனை வருடம் அவளுக்காகப் பயந்திருக்கிறேன். அன்றைக்கு அவளைப் பார்த்துப் பயந்தேன். வாயைத் திறந்து, "பரவாயில்லடி" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை அவள் உள்ளறைக்குப் போகத் தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள். "இன்னிலேர்ந்து நீ சமையல் பக்கம் பாத்துக்கோ" என்றேன். "சரிக்கா" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பதிவு இரண்டாம் முறை ஓடியபோது அவள் திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.