நுரையீரலில் மீன்பாடு

வைரஸ் காய்ச்சல் நுரையீரலைப் பிடித்த தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நான் தினமும் ஸ்கேன் செய்தேன். நெஞ்சில் ஜெல் தடவியதும் திரையை எட்டிப் பார்த்தவர், அதைத் தன் படகிலிருக்கும் மீன் காட்டும் மெஷினாகவே எடுத்துக்கொண்டார். நுரையீரல் நனைந்து கிடப்பதைக் காட்டும் வெள்ளைக் கோடுகள் தெரிந்ததும், "கூட்டம் ஜாஸ்தியா இருக்கு டாக்டரம்மா!" என்று பூரித்தார்.

"யோவ், அது மீனு இல்ல, வியாதி! கொறைஞ்சாதான் நல்லது" என்று எரிந்து விழுந்தேன்.

தலையாட்டினார். ஆனால், கோடுகள் குறையக் குறைய என் முகம் மலர்ந்தது, அவர் முகம் வாடியது. ஆறாம் நாள் ஒரு வெள்ளைக் கோடும் இல்லை. "வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

சட்டையை மாட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"கடைசியில வெறும் வலையோட அனுப்புறீங்களே டாக்டரம்மா!"