கருவாட்டுப் பொறிக்கு ஒரு பாராட்டு விழா

1. பேனர்

விழாவன்று காலை பள்ளி வாசலில் கட்டியிருந்த பேனரைப் படித்ததும் வந்த கோபத்தில் வண்டிக்கு ஸ்டாண்டு போட மறந்துவிட்டேன். வண்டி சாய்ந்து டிபன் டப்பா ரோட்டில் உருண்டது. "பாகலில் பழ ஈக் கட்டுப்பாடு: கடல்சார் புரதப் பொறி. சாதனை மாணவியருக்குப் பாராட்டு விழா" என்று போட்டிருந்தது. சாதனை மாணவியரின் படம் தபால்தலை அளவு. சிறப்பு விருந்தினரின் படம் ஆள் உயரம்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேளாண் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இது கடைசி வருஷத்தில் நடந்தது. இந்தப் பாடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பழ ஈ பாகல் பிஞ்சைக் குத்தி முட்டை வைக்கும். வெளியே காய் பச்சையாக இருக்கும், உள்ளே புழு நெளியும். கருவாட்டுத் தூளை நனைத்துப் பொறியில் வைத்தால் அந்த வாடைக்கு ஈ தேடி வரும். இது பழைய முறைதான். வந்த ஈயைக் கொல்ல அதில் சில சொட்டு பூச்சிமருந்து விடுவார்கள். பிளஸ் டூ படித்த ஜெனிபரும் முத்துலட்சுமியும் அந்த மருந்தைத் தூக்கிவிட்டார்கள். காலி தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு, மேலே கருவாட்டைக் கட்டி, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈ உள்ளே வந்து விழுந்து செத்தது. ஒரு பருவம் முழுக்கப் பக்கத்துத் தோட்டங்களில் தொங்கவிட்டு, வாரா வாரம் ஈயை எண்ணி நோட்டில் எழுதினார்கள். மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு வந்தது. அவர்கள் வைத்த தலைப்பு: "மருந்து தெளிக்காமல் பாகலில் பழ ஈக் கட்டுப்பாடு: கருவாட்டுப் பொறி."

நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், மருந்து தெளிக்காமல்ங்கிறது எங்க போச்சு?"

"இம்புட்டுக் கோவம் எதுக்கு டீச்சர்? சிறப்பு விருந்தினர் யாரு? பூச்சிமருந்துக் கடை அண்ணாச்சி. ஷீல்டு, பந்தல், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அவரு செலவு. அவரை உக்கார வச்சு மருந்தே வேணாம்னு பேனர் கட்டுனா நல்லாவா இருக்கும்?"

"சரி. கருவாடு என்ன பாவம் பண்ணுச்சு?"

"குத்துவிளக்கு ஏத்துற மேடை டீச்சர்."

எனக்குப் பின்னால் இரண்டு பெண்களும் வந்து நின்றிருந்தார்கள். ஜெனிபர் சொன்னாள்: "சார், மாநிலப் போட்டிக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளு. நோட்டுல இருக்கிற தலைப்பும் ஸ்கூல்ல குடுக்குற சர்டிபிகேட்டுல இருக்கிற தலைப்பும் ஒண்ணா இருக்கணும். இல்லாட்டி எடுக்க மாட்டாங்க."

போட்டிக்கு அனுப்பவென்று முந்தின நாளே சரியான தலைப்போடு ஒரு சர்டிபிகேட் அடித்துக் கையில் வைத்திருந்தேன். தலைமை ஆசிரியர் அதைத் தொடவே இல்லை. "அண்ணாச்சி இதுல கையெழுத்துப் போடட்டும், அடுத்த நிமிஷம் நானும் போடுறேன்" என்றார். அது நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது. முத்துலட்சுமியின் கண் கலங்கிவிட்டது. ஒரு பருவமாகச் செத்த ஈயை எண்ணிய பிள்ளை அவள்.

2. மேடை

பொறி இல்லாமல் பாராட்டு விழாவா என்று அதையும் மேடையில் கட்டியாயிற்று. வாடை முதல் வரிசைக்கு எட்டியதும் தலைமை ஆசிரியர் ரூம் ஸ்பிரே பாட்டிலோடு வந்து பொறியின் மேல் அடிக்க ஆரம்பித்தார்.

"சார், இப்படி அடிச்சா ஈ வராது" என்றாள் ஜெனிபர்.

"வரக் கூடாதுன்னுதானேம்மா அடிக்கிறேன்."

ஈ வரவில்லை. பூனை வந்தது. சத்துணவுக் கூடத்துப் பூனை, குத்துவிளக்கு ஏற்றும்போது மேடையேறிப் பொறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதிப் பார்த்தார். விசிலுக்குப் பிள்ளைகள்தான் எழுந்து நின்றார்கள்.

அடுத்து சால்வை. விருந்தினருக்கு, அவரோடு வந்தவர்களுக்கு, பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு, பந்தல் போட்டவருக்கு, மைக் செட்காரருக்கு. சாதனை மாணவியரின் முறை வந்தபோது சால்வை தீர்ந்துவிட்டது. மைக் செட்காரர் பெருந்தன்மையாகத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அதை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றாகப் போர்த்திப் போட்டோ எடுத்தார்கள்.

அண்ணாச்சி பேசினார். "நம்ம பிள்ளைக நல்ல மருந்தா, நல்ல அளவுல, நல்ல நேரத்துல அடிச்சு இந்த ஈயை ஒழிச்சிருக்குக. அந்த மருந்து எதுன்னு சொன்னா நாளைக்கே நம்ம கடையில இறக்கிருவேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், தலைமை ஆசிரியர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

ஏற்புரைக்குத் தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு முத்துலட்சுமி போனாள். இரண்டு வருஷத்தில் வகுப்பில் அவள் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. காகிதத்தைப் பார்த்தாள், மடித்துவிட்டாள்.

"ஐயா, இதுல மருந்தே இல்லைங்கய்யா. கருவாடும் சோப்புத் தண்ணியுந்தான். மருந்து வேணாம்னு காட்டத்தான் நாங்க இதைச் செஞ்சோம்."

எல்லோரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். பூனை மட்டும் பொறியைப் பிராண்டிக்கொண்டிருந்தது. "பிள்ளை விளையாட்டாச் சொல்லுது" என்று சொல்லித் தலைமை ஆசிரியர் தேசிய கீதத்தைப் போடச் சொன்னார்.

3. கையெழுத்து

மேடைக்குப் பின்னால் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், செத்த இங்க வாங்க." வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். பெண்களும் கூட வந்தார்கள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் பாகல் பந்தல் போட்டிருக்கேன். காய் பூராவும் புழு. அந்தப் பொறி நாலு கிடைக்குமா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க கடையில இல்லாத மருந்தா அண்ணாச்சி?"

"அது வீட்டுக்குச் சாப்பிடுற காயி டீச்சர்" என்றார். இப்படி ஒரு கேள்வி கேட்கிறாளே என்பது போல என்னைப் பார்த்தார்.

ஜெனிபர் கொஞ்சமும் தயங்கவில்லை. "தாரோம் ஐயா. ஆனா உங்க தோட்டமும் எங்க சோதனையில சேரும். நோட்டுல தோட்டக்காரரு பேரு எழுதணும். பேரு இல்லாத தோட்டத்தைச் சேர்க்க முடியாது." சொல்லிவிட்டு என் கையிலிருந்த சர்டிபிகேட்டை அவரிடம் நீட்டினாள். "இதுலயும் ஒரு கையெழுத்து வேணும்."

அவர் தலைப்பை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். "மருந்து தெளிக்காமல்" என்ற இடத்தில் ஒரு தடவை நின்றார். பிறகு என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "நோட்டுல மட்டும் என் பேரு வேணாம்மா. வீட்டுக்காரி பேரைப் போட்டுக்க" என்றார். நாலு பொறியும் துணிக்கடைப் பையில் போய்க் காரில் ஏறின.

தலைமை ஆசிரியர் அந்தக் கையெழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சொன்ன சொல்லுக்காகத் தானும் போட்டார். சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டரில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டோம். அப்படி ஒரு நிம்மதி எனக்குப் பதவி உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை.

மாநிலப் போட்டியில் ஒரு நடுவர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மற்றத் தோட்டக்காரர்கள் பெயருக்கு எதிரே முன்பு எத்தனை தடவை மருந்து அடித்தார்கள் என்று எழுதியிருந்தது. கடைசி வரியில் ஒரு அம்மா பெயர், எதிரே "ஒருமுறையும் இல்லை."

"இந்த அம்மாவுக்கு மட்டும் எப்படிம்மா முதல்லேயே இவ்வளவு விவரம்?" என்று கேட்டார்.

"அவங்க வீட்டுக்காரரு மருந்துக் கடை வச்சிருக்காரு சார்" என்றாள் முத்துலட்சுமி.

நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. பருவம் முழுக்க நான் நடத்திய பாடம் அந்த ஒரு வரியில் இருந்தது, அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கடையில் யார் எந்த மருந்தைச் சிபாரிசு செய்தாலும், அவர் வீட்டுக் காய்க்கு அதை அடிக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன்.