வெட்டாமல் விட்ட துண்டு

வயல் முழுவதும் வெட்டி முடிந்த பிறகும் வரம்போரம் ஒரு தொழுகைப் பாயின் அளவுக்கு நெல் நிற்கும். நிந்தவூர்ப் பக்கம் அப்படியொரு துண்டைக் கண்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. உள்ளே ஏதோ குருவி முட்டையிட்டிருக்கிறது, மெஷின்காரர் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். அப்படி அதிகம் ஒதுக்கியவர் என் மூத்த சகோதரன், என் காக்கா. நெல் வெட்டும் மெஷினின் உயர்ந்த இருக்கையிலிருந்து, மற்றவர்கள் காணாத கூட்டை அவர் கண்டுவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்திதான். அரசாங்க வேலை கிடைத்ததும் முதலில் கேமரா வாங்கினேன். தனியாகப் போனால் ஊர் கதைக்கும் என்று, சனிக்கிழமைகளில் காக்காதான் என்னை மோட்டார் சைக்கிளில் ஒலுவில் துறைமுகத்துக்கும் வயல்வெளிக்கும் கூட்டிப்போவார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருப்பார். எந்தப் படத்தைக் காட்டினாலும் நல்லம் என்பார். அவருக்கு என்ன விளங்கும் என்று நினைத்து அந்தப் பாராட்டை நான் பொருட்படுத்தியதேயில்லை.

அறுவடைக் காலத்தில் ஒருநாள் காலை போன் எடுத்தார். மெஷினின் சொந்தக்காரரான போடியாரின் வயலில் ஆட்காட்டிக் குருவி ஒன்று அடையிருக்கிறது, வந்து படம் எடு என்றார். எனக்காகவே அந்த மூலையை வெட்டாமல் வைத்திருந்தார். நான் போய் வரம்பில் குப்புறப் படுத்து எடுத்துப் பார்த்தேன். வெறும் குருவிப் படம். பின்னால் மெஷினின் பற்கள் தெரிந்தால் இது வேறு படமாகிவிடும் என்று தோன்றியது. காக்காவை மெஷினோடு கிட்ட வரச் சொன்னேன். வந்தார். இன்னும் என்று கையைக் காட்டினேன். குருவி இறக்கை இரண்டையும் விரித்து, மெஷினைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது. காக்கா நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

“அது எழும்பாது புள்ள. முட்ட கிடக்கு.”

“ஒங்களுக்கு இதப்பத்தி என்ன தெரியும் காக்கா? நான் சொல்றன், மெஷின முன்னுக்கு எடுங்க. கடைசியில பறந்துரும்.”

படித்த தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பழகிய மனிதர். எடுத்தார். குருவி பறக்கவில்லை. நான் விரலைத் தூக்காமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது படத்தில் இறக்கை விரிந்திருக்கிறது. எட்டாவதில் வைக்கோல் மட்டும்தான்.

ஏழாவதைத் ‘தாய்மை’ என்று தலைப்பிட்டு முகநூலில் போட்டேன். ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் பகிர்ந்தார்கள். என்னைப் புகழ்ந்தார்கள், மெஷின் ஓட்டியவரைச் சபித்தார்கள். தூசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெளிவில்லை. ஆனால் மெஷினை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தேநீர்க் கடையில் காக்கா போய் உட்கார்ந்தால், “என்ன மெஷின்காரர், இண்டைக்கு எத்தின குருவி?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் கை பட்டால் வயலில் அல்லாஹ்வின் பறக்கத் இருக்காது, விளைச்சல் பெருகாது என்று சொல்லி, அடுத்த போகத்துக்குப் போடியார் மெஷினை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இதைப்பற்றிப் பேச ஒரே ஒரு தடவை காக்கா என்னிடம் வந்தார். நான் சொல்லித்தான் செய்தார் என்று எழுதும்படி அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

“அது பறந்து போயிட்டு எண்டு ஒரு வரி போடு புள்ள.”

நான் பொய் எழுத மாட்டேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். உண்மையை எழுதவும் ஒரு வரிதான் தேவைப்பட்டிருக்கும். அதையும் நான் எழுதவில்லை.

இப்போது அவர் துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்குகிறார். அவருடைய மகள் மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். எழுத்துக் கூட்டி வாசிக்க அவளைப் பழக்கியது நான். போன வெள்ளிக்கிழமை என் போனைத் தடவிக்கொண்டிருந்தவள் அந்தப் படத்துக்கு வந்துவிட்டாள். கீழே யாரோ எழுதியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சத்தமாக, பிழையில்லாமல் வாசித்தாள். இந்த மனிதனுக்கு இரக்கமே கிடையாது. பிறகு கேட்டாள்:

“மாமி, இது ஆரு?”

காக்கா எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார், “தெரியாது மகள். வேற ஊர் ஆள்.”

வாப்பா சொல்வது சரியா என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

ஓம் என்றேன்.