துரை வீட்டு மிஷினும் மணல் மூட்டையும்

துரை டெலிபோன் பக்கம் நடந்ததுமே ஆயா பஞ்சாலை கைவேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

படுக்கையறையில் ஏர்கோன் மிஷின் குளிரவில்லை. காற்று மட்டும் வெதுவெதுவென்று வந்தது. காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போடுகிற அவசரகாலமில்லையா? காட்டிலிருந்து யார் எப்போது சுடுவான் என்று தெரியாததால், ஜன்னலெல்லாம் இரும்புத் தகடு அடித்து மூடிக்கிடந்தது. அந்தப் பெட்டி ஓடாவிட்டால் அறை அடுப்புதான். துரைசானியின் கைக்குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு கண்டு வீரிட்டுக்கொண்டிருந்தது.

"சிரம்பான் மெக்கானிக்கைக் கூப்பிடுறேன். ஜீப் போகட்டும்" என்றார் துரை. தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

அந்த ஜீப்புதான் பஞ்சாலையின் பயம். காவல் இல்லாமல் மெக்கானிக் வரமாட்டான். ரந்தாவைத் தாண்டி, மம்பாவ் வழியாகச் சிரம்பானுக்குப் போய் அவனை ஏற்றி வரவேண்டும். துப்பாக்கியோடு முன்சீட்டில் உட்காருகிறவன் சன்னாசி. தோட்டத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள், பஞ்சாலையின் புருஷன். போன வாரம்தான் வளைவில் ஒளிந்திருந்து சுட்டார்கள். அவன் முட்டிக்குப் பக்கத்தில் ஜீப்புக் கதவு பொத்தலாகியிருந்தது.

பஞ்சாலை சாதாரணப் பெண்தான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தைப் பார்த்துத் துரைசானியே பங்களாவுக்கு ஆயாவாகக் கூட்டிக்கொண்டவள். மிஷினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் சொன்னதை மறக்காத காது அவளுக்கு. மிஷினை மாட்டிய அன்று அந்தச் சீன மெக்கானிக் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான்: "ஆயா, தெங்கோ டூலு. முதல்ல நீங்க பாருங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு லா. பிளக்கு கழண்டதுக்கெல்லாம் அந்த ரோட்டுல வரமுடியாது."

"கொஞ்சம் பொறுங்க துரை, நான் பார்த்துடறேன்" என்றாள்.

"ஆயா, உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. பாக்கத் தெரியும்."

துரைசானி சிரித்துவிட்டாள். டீ நேரம் வரைக்கும் துரை விட்டுக்கொடுத்தார். அதற்குமேல் போனால் ஜீப் திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

முதலில் பிளக்கு. இறுக்கமாகத்தான் இருந்தது. சில்லென்று வைக்கிற குமிழை யாரும் திருப்பிவிடவில்லை. கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்தாள். பிறகு சுவிட்சை அடைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கத்துத் தூசி வலையைக் கழற்றினாள். அப்பப்பா! இலவம்பஞ்சும் தூசியும் கம்பளி மாதிரி அப்பிக்கிடந்தது. சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினாள். காற்று இப்போது நன்றாக வீசியது. குளிர் மட்டும் இல்லை. உள்ளே ஓர் உறுமல் எழுந்து, 'டொக்' என்ற சத்தத்தோடு அடங்கியது.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். மிஷின் பெட்டியில் இருந்த திருகாணிகளைப் பஞ்சாலையும் பார்த்தாள். அதில் கைவைக்கக்கூடாது, அது மெக்கானிக் வேலை. அவன் சொன்னதில் இன்னும் ஒன்றுதான் பாக்கி: "பின்பக்கம் மூச்சு விடணும், அதை மூடாதீங்க."

மிஷினைத் திரும்ப நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு வெளியே ஓடினாள். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய பின்பக்கத்தைக் காணோம். அந்த இடத்தில் மணல் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கிடந்தன. தொட்டால் ஒத்தடம் கொடுக்கிற மூட்டை மாதிரி சூடு. பக்கத்தில் சன்னாசி பெருமையாக நின்றான்.

"யாருங்க இப்படி அடுக்கினது?"

"நான்தான், நேத்து. குண்டு பட்டு மிஷின் பொத்தலாயிடக்கூடாதில்ல? எப்படி என் காவல்?"

"காவலா? மூக்கைப் பொத்தி வெச்சிருக்கீங்க! எடுங்க மூட்டைய."

"ஏய் புள்ள, கைய வைக்காதே. புள்ள படுக்கிற ரூம்பு. சார்ஜெண்டு வந்தா என் தோலை உரிச்சிடுவாரு."

"எடுத்து எறியவா சொன்னேன்? தள்ளி அடுக்குங்க. நடுவுல ஆள் நடக்க இடம் விட்டு, மேல திறந்து வைங்க. குண்டும் வராது, மூச்சும் முட்டாது."

"நீ எப்போ சார்ஜெண்டு ஆனே?"

"நான் ஆகலைன்னா மெக்கானிக்கைக் கூட்டிவர ஜீப்புல போறது யாரு? துரை டெலிபோன் பக்கத்துலயே நிக்கிறாரு."

அந்தப் பயணம் தனக்குத்தான் என்பது சன்னாசிக்கு அப்போதுதான் உறைத்தது. துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு, துரையிடம் கேட்டு உத்தரவு வாங்கினான். முதல் மூட்டையைப் புருஷன் தூக்க, மறுமுனையைப் பெண்டாட்டி பிடித்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது. மிஷினுக்குப் பின்னால் ஒரு சந்தும், சந்துக்கு அப்பால் மூட்டைச் சுவரும் எழுந்தன.

உடனே போடக்கூடாது, சூடு ஆறட்டும் என்று பஞ்சாலை பிடிவாதமாகத் துரையையும் காக்கவைத்தாள். டீ ஆறிப்போன பிறகு பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். காற்று வந்தது. உள்ளே உறுமல் கேட்டது. இந்தத் தடவை 'டொக்' இல்லை. துரைசானி உள்ளங்கையை நீட்டியபடி நின்றாள். நின்றாள், நின்றாள்...

"வருது ஆயா! சில்லுன்னு வருது!"

கூடத்தில் துரை கையில் எடுத்திருந்த டெலிபோனைக் கீழே வைத்தார். அந்த 'டக்' சத்தம் பஞ்சாலைக்குக் கோயில் மணிபோல் இருந்தது.

வெளியே சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த சன்னாசி கேட்டான்: "குளிருதா?"

"உள்ள இருக்கிறவங்களுக்கு. நீங்க கஞ்சிக்கு வீட்டுக்கு வாங்க."

இதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. மிஷின் முரண்டு பிடித்தால் முதலில் பஞ்சாலை பார்ப்பாள். ஒரு தடவை எல்லாம் பார்த்துவிட்டு, "இது என்னால ஆகாது துரை, கூப்பிடுங்க. ஆனா காலையில" என்றாள். துரையும் காலை வரைக்கும் பொறுத்தார். போனை எடுத்த மெக்கானிக் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆயா பார்த்தாச்சா?" பார்த்தாச்சு என்ற பிறகுதான் சட்டையை மாட்டினானாம்.

மணல் மூட்டை நகர்ந்த அன்றைக்குச் சாயங்காலமோ, பொத்தல் கதவு ஜீப்பு கொட்டகையிலேயே கிடந்தது. சன்னாசி லயத்து வாசலில் உட்கார்ந்து கருவாட்டோடு கஞ்சி குடித்தான். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நம்ம சார்ஜெண்டைப் பாத்தீங்களா?" என்று பெண்டாட்டியைக் காட்டினான். பஞ்சாலை, "போதும் லா, குடிங்க" என்று அவன் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.